சளியும் ஜாதிக்காய்த் தைலமும்: பாலிக் புலாவ்

பினாங்குத் தீவின் தென்மேற்குப் பக்கத்தில், ஜார்ஜ் டவுனிலிருந்து மலைத்தொடரால் பிரிக்கப்பட்டுக் கிடக்கும் சிறு நகரம் பாலிக் புலாவ். சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் டுரியானும் கிராம்பும் ஜாதிக்காயும் விளைகின்றன. மூக்கடைத்தால் ஜாதிக்காய்த் தைலத்தைத் தேடுவது இத்தீவில் பழகிப்போன வழக்கம். தைலம் சளியைக் குணப்படுத்துவதில்லை. சளி இருக்கும் நாட்களைச் சற்று எளிதாகக் கழிக்க உதவுகிறது. பெரியவர்களுக்கு இது நல்ல துணை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதே குப்பி ஆபத்தாகவும் முடியலாம்.

நோயின் போக்கு

சாதாரணச் சளிக்கு 200க்கும் மேற்பட்ட வைரஸ்கள் காரணமாகின்றன. அவற்றில் முதன்மையானது ரைனோவைரஸ். அதிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வருவதற்கும், தடுப்பூசி இன்னும் அமையாததற்கும் இந்தப் பெருக்கமே பெரிய காரணம். பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 2 அல்லது 3 முறை வரும். பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு அதைவிடக் கூடுதலாக வரும்.

தொண்டைக் கரகரப்பில் தொடங்கி, தும்மலும் மூக்கொழுகலுமாக 2, 3ஆம் நாளில் உச்சத்துக்குப் போய், 7 முதல் 10 நாட்களில் தணிவது வழக்கம். இருமல் மட்டும் 3 வாரம்வரை இழுக்கலாம். மூக்குச்சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் பலர் கிளினிக்கில் ஆன்டிபயாடிக் கேட்கிறார்கள். அந்த நிறம் உடலின் வெள்ளணுக்கள் வேலை செய்வதால் வருவது. அதை மட்டும் வைத்துப் பாக்டீரியாத் தொற்று என்று முடிவுகட்ட முடியாது. வைரஸை ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. வீணாகச் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு வரலாம். உண்மையாகவே தேவைப்படும் நாளில் அம்மருந்து வேலை செய்யாமலும் போகலாம்.

மழையில் நனைந்தால் சளி பிடிக்கும் என்பது நம் வீடுகளில் தலைமுறைகளாகச் சொல்லப்படுவது. இங்கிலாந்தில் சால்ஸ்பரி அருகே 1946 முதல் இயங்கிய சளி ஆய்வு மையம் தன்னார்வலர்களை ஈரத்திலும் குளிரிலும் இருக்கவைத்துச் சோதித்தது. அதனால் மட்டும் சளி வருவதாக அங்கே தெரியவரவில்லை. மழைநாளில் எல்லாரும் சன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் நெருங்கி இருப்பதுதான் வைரஸுக்கு வாய்ப்பு. பினாங்கில் புகைமூட்டம் சூழும் மாதங்களில் வரும் மூக்கெரிச்சலையும் பலர் சளி என்றே எண்ணிவிடுகிறார்கள்.

ஜாதிக்காய்

ஜாதிக்காயின் தாயகம் இந்தோனேசியாவின் பாண்டா தீவுகள். 1796இல் ஆங்கிலேயர் டச்சுக்காரரிடமிருந்து அத்தீவுகளைக் கைப்பற்றினர். அதன்பின் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் கிறிஸ்டோபர் ஸ்மித் திரட்டிய கன்றுகள் பினாங்குக்கு வந்துசேர்ந்தன. 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் நோய் தாக்கிப் பெருந்தோட்டங்கள் அழிந்தன. ஆனாலும் பாலிக் புலாவ் பக்கத்துச் சிறு தோட்டங்களில் மரம் இன்றும் காய்க்கிறது.

முற்றிய காய் வெளிர்மஞ்சளாகி, நடுவில் தானே வெடிக்கும். உள்ளே பழுப்பு ஓட்டின்மேல் செக்கச்சிவந்த ஜாதிபத்திரி வலைபோலச் சுற்றியிருக்கும். ஓட்டை உடைத்தால் கொட்டை. தமிழ்நாட்டில் தூக்கியெறியப்படும் சதைப்பகுதி இங்கே ஊறுகாயாகவும் இனிப்பாகவும் சாறாகவும் விற்கிறது. கொட்டையிலிருந்தும் பத்திரியிலிருந்தும் எண்ணெய் வடிக்கிறார்கள்.

கடையில் கிடைக்கும் தைலத்தின் லேபிளைப் படித்தால், ஜாதிக்காய் எண்ணெயோடு மெந்தால், கற்பூரம், மெத்தில் சாலிசிலேட் ஆகியவையும் பெரும்பாலும் இருக்கும். மூக்கு திறந்ததுபோன்ற உணர்வைத் தருவது முக்கியமாக மெந்தால். குளிர்ச்சியை உணரும் நரம்பு நுனிகளை அது தூண்டுகிறது. காற்று தாராளமாகப் போவதாகத் தோன்றும், ஆனால் உள்ளே வீக்கம் அப்படியேதான் இருக்கும். இரவில் தூக்கம் வர அந்த உணர்வே பலருக்குப் போதும், அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.

வீட்டில் செய்யத்தக்கவை

ஓய்வும் போதிய நீரும் முதலில். வெதுவெதுப்பான ஒரு டம்ளர் நீரில் அரை டீஸ்பூன் உப்பிட்டுக் கொப்பளித்தால் தொண்டைக் கரகரப்பு குறையும். மிளகு ரசம், சுக்குக் காப்பி, ஊர்ச் சந்தையில் விற்கும் சூடான அசாம் லக்சா என எதுவானாலும், சூடும் காரமும் சேர்ந்து மூக்குச்சளியை இளக்கும். உடல்வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமோல். ஒரு வயது கடந்த குழந்தைக்குத் தூங்குமுன் ஒரு டீஸ்பூன் தேன் இருமலைத் தணிக்கும். அதற்குக் குறைந்த வயதில் தேன் கூடாது, பொட்டுலிசம் என்னும் கொடிய நோய் வரலாம். ஆவி பிடிக்கையில் சட்டி கவிழ்ந்து பிள்ளைகள் வெந்துபோகும் விபத்துகள் நடக்கின்றன. அவர்களுக்கு ஆவி வேண்டாம். மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டாலே போதும்.

குழந்தையும் தைலமும்

நம் பாட்டிகள் உரைகல்லில் இரண்டு சொட்டு நீர் விட்டு ஜாதிக்காயை உரசி, அந்தப் பழுப்பு விழுதைக் குழந்தையின் நாக்கில் தடவினார்கள். அன்பினால் செய்தது, ஆனால் இனி செய்யவேண்டாம். ஜாதிக்காயில் உள்ள மிரிஸ்டிசின் மூளையைப் பாதிக்கக்கூடியது. சமையலில் போடும் சிட்டிகை கெடுதல் செய்யாது. ஏறத்தாழ 5 கிராம், அதாவது ஒரு கொட்டை அளவு உட்கொண்டாலோ பெரியவருக்கே படபடப்பும் மனக்குழப்பமும் வரும்.

கற்பூரத்தை விழுங்கிய சிறு குழந்தைக்குச் சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். மெந்தால் கலந்த தைலத்தை 2 வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கருகே தடவினால் மூச்சுத்திணறல் உண்டாகலாம். மலேசிய மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி என்னும் நொதியின் குறைபாடு இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். இருப்பதாகத் தெரிந்தால் அந்துருண்டையும் கற்பூரம், மெந்தால் கலந்த தைலங்களும் அக்குழந்தையின் பக்கமே வரக்கூடாது. சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள்காமாலை வரக்கூடும்.

மருத்துவரிடம் போகவேண்டிய நேரம்

மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி, தணிந்து மீண்டும் ஏறும் காய்ச்சல், பால் குடிக்க மறுக்கும் குழந்தை ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்கக்கூடாது. 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலே போகவேண்டும். மூக்கொழுகல் இல்லாமல் கடுங்காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் வந்தால் டிங்கியாக இருக்கலாம். இரத்தம் சோதிக்கும்வரை ஆஸ்பிரினோ ஐபுபுரோஃபெனோ எடுக்கக்கூடாது, இரத்தக்கசிவு கூடும். பாலிக் புலாவிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. இதற்காக மலை கடந்து ஜார்ஜ் டவுன் போகவேண்டியதில்லை.