மடிப்பு மலைகள் உருவாவது எப்படி? மாதேஸ்வரன் மலையை நம்பி வாழும் மக்கள்

கர்நாடக மாநிலம் சாமராஜநகர் மாவட்டம் ஹனூர் வட்டத்தில், தமிழக எல்லையையொட்டி அமைந்துள்ளது மாதேஸ்வரன் மலை. இது அடங்கிய கொள்ளேகால் பகுதி 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்திலும், பின்னர் 1997 வரை மைசூரு மாவட்டத்திலும் இருந்தது.

மடிப்பு மலை என்பது என்ன?

புவியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்துள்ளது. இரு தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கும்போது, இடையில் உள்ள பாறை அடுக்குகள், இருபுறமும் தள்ளப்பட்ட பாயைப் போல் மடிந்து உயர்கின்றன. மேலெழும் பகுதி மேல்வளைவு என்றும், தாழும் பகுதி கீழ்வளைவு என்றும் அழைக்கப்படும். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு யூரேசியத் தட்டுடன் மோதியதால் இமயமலை உருவானது. டெத்திஸ் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை இன்று எவரெஸ்ட் சிகரத்தில் காணப்படுகிறது.

மாதேஸ்வரன் மலை அத்தகைய இளம் மடிப்பு மலை அன்று. இப்பகுதியின் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மடிந்து உருமாறியவை. மேலிருந்த பாறைகள் நெடுங்காலம் அரிக்கப்பட, கடினமானவை குன்றுகளாக நிலைத்தன. இத்தகையவை எஞ்சிய மலைகள் எனப்படுகின்றன.

பயன்பாட்டில் வேறுபாடு

இமயமலையின் பனி வற்றாத ஆறுகளுக்கு நீர் தருகிறது. அங்கு நீர்மின் நிலையங்களும் படிக்கட்டு வேளாண்மையும் உள்ளன. நிலநடுக்கமும் நிலச்சரிவும் அங்கு நீங்காத அச்சங்கள். மாதேஸ்வரன் மலையிலோ பனி இல்லை. ஓடைகள் மழையை நம்பியுள்ளன. இரு மாநில எல்லையில் ஓடும் பாலாறு, மேட்டூர் நீர்த்தேக்கப் பகுதியில் காவிரியுடன் கலக்கிறது.

இங்குள்ள மாதேஸ்வரர் கோயிலுக்கு சிவராத்திரி, தீபாவளி, யுகாதி நாள்களில் சேலம், ஈரோடு, தருமபுரி மாவட்டப் பக்தர்களும் திரளாக வருகின்றனர். சோலிகர் பழங்குடியினர் கேழ்வரகு பயிரிட்டும், தேன், நெல்லிக்காய் சேகரித்தும் வாழ்கின்றனர். காட்டை ஆக்கிரமித்துள்ள உண்ணிச்செடியின் தண்டுகளால் நாற்காலிகள், கூடைகள் செய்வோரும் உள்ளனர். கால்நடை வளர்ப்பும் முக்கியத் தொழிலாகும்.

மோதலும் பாதுகாப்பும்

சுமார் 906 சதுர கிலோமீட்டர் காடு 2013-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மேய்ச்சலும் புலிகளின் வாழிடமும் ஒரே காட்டில் அமைந்திருப்பதால் மோதல் தொடர்கிறது. 2025 ஜூனில் நஞ்சு கலந்த மாட்டின் இறைச்சியைத் தின்று ஒரு பெண் புலியும் 4 குட்டிகளும் இறந்தன. புலி மாட்டைக் கொன்றதற்குப் பழிவாங்கும் நோக்கில் நஞ்சு வைக்கப்பட்டதாகக் கூறப்பட்டு, சிலர் கைது செய்யப்பட்டனர்.

கடினப் பாறையின் மேல் மண் உருவாவது மிக மெதுவாகவே நிகழும். மரங்களை இழந்த சரிவிலிருந்து மழை அடித்துச் செல்லும் மண், மனித ஆயுட்காலத்தில் மீண்டும் சேராது. எனவே இங்கு காட்டைக் காப்பது புலிகளுக்கு மட்டுமன்றி, மலைச்சரிவுகளில் பயிரிடுவோருக்கும் வாழ்வாதாரப் பிரச்சினையாகும்.