சாபம் பலிக்காத புழுக்கள்

1479ஆம் ஆண்டு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரைச் சூழ்ந்த வயல்களிலே, மண்ணுக்குள் மறைந்து வாழும் புழுக்கள் பயிரை அழித்து வந்தன. உழவர் கலங்கினர். ஆண்டோர் செய்தது என்ன? மண்ணைக் கிளறி ஆராய்ந்தனரா? இல்லை, புழுக்களின்மீது வழக்குத் தொடுத்தனர்! லோசான் ஆயரின் நீதிமன்றம் அவற்றுக்கு அழைப்பாணை விடுத்தது. வாதாட வழக்கறிஞரும் அமர்த்தப்பட்டார்! முடிவில் ஆயர் புழுக்களைச் சபித்தார். சாபம் பலிக்கவில்லை. அதற்கும் விளக்கம் தயாராக இருந்தது: மக்கள் செய்த பாவமாம்! உழைத்தவன் பயிரையும் இழந்தான், பழியையும் சுமந்தான்.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். ஜப்பானிலிருந்து செடிகளின் வேர்மண்ணோடு சென்ற வண்டு ஒன்று, 1916இல் நியூஜெர்சி மாநிலத்து ரிவர்டன் ஊரில் கண்டறியப்பட்டது. வண்டு இலையையும் கனியையும் தின்னும். அதன் புழு மண்ணுக்குள் புல்லின் வேரைத் தின்னும். 1933இல் சில புழுக்களின் உடல் பால்போல் வெளுத்திருக்கக் கண்டனர் ஆய்வாளர். இங்கேதான் அறிவு விழித்தது. ஏன் வெளுத்தது என்று கேட்டனர்!

காரணம் ஒரு நுண்ணுயிர். வேரோடு அதன் வித்துக்களையும் புழு விழுங்குகிறது. அவை குடலில் முளைத்து, குருதியிலே பெருகி, அதனைப் பாலாக்கிக் கொல்கின்றன. செத்த புழுவிலிருந்து கோடிக்கணக்கான வித்துக்கள் மண்ணிலே கலந்து அடுத்த தலைமுறைப் புழுவுக்காகக் காத்திருக்கும். மண்புழுவுக்கோ பறவைக்கோ மனிதனுக்கோ தீங்கில்லை. 1940இல் டட்கி என்னும் அறிஞர் இதற்குப் பெயரிட்டு விளக்கினார். 1939 முதல் 1953 வரை 14 மாநிலங்களில் இதனைத் தூவினர். வேலை எளிதன்று, புழுக்களைப் பிடித்து, நோயேற்றி, அரைத்துத்தான் பொடி செய்ய வேண்டும். பயன் தெரியவும் சில ஆண்டுகள் ஆகும்.

பொறுமை அற்றவர்களும் இருந்தனரே! இல்லினாய் மாநிலத்து ஷெல்டன் பகுதியில், நுண்ணுயிர் முறைக்குச் செலவு மிகுதி என்று ஒதுக்கிவிட்டு, 1954இல் 1400 ஏக்கரில் டைல்டிரின் என்னும் நஞ்சை வானிலிருந்து பொழிந்தனர். நஞ்சுண்ட பூச்சிகளைத் தின்ற பறவைகள் மடிந்தன; பண்ணைப் பூனைகளும் மாண்டன. 1962இல் ரேச்சல் கார்சன் அம்மையார் ‘மௌன வசந்தம்’ நூலிலே இதனை அம்பலப்படுத்தினார். மலிவு என்றார்களே, அந்தப் பறவைகளின் விலை எந்தக் கணக்கேட்டில் ஏறிற்று?

நுண்ணுயிரைச் சர்வரோக நிவாரணி என்று நாம் போற்றவில்லை. பிற்காலச் சோதனைகள் சிலவற்றில் அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆனால் ஆய்வாளர்கள் யாருடைய பாவத்தையும் தேடவில்லை. மண்ணைத் தோண்டிப் புழுக்களை எண்ணிப் பார்த்தனர்.