வாண்டாவுக்கு இருந்த இன்னொரு கதவு

1956இல் இரண்டு இளம்பெண்கள், கன்ட்ரி இசையும் ராக் அண்ட் ரோலும் கலந்த ராக்கபில்லி பாட வந்தார்கள். ஓக்லஹோமாவின் வாண்டா ஜாக்சனுக்கு வயது 18, இசைத்தட்டு நிறுவனம் கேப்பிடல். வர்ஜீனியாவின் ஜானிஸ் மார்ட்டினுக்கு 15, ஆர்சிஏ. வாண்டாவை உலகம் இன்றும் கொண்டாடுகிறது; ஜானிஸைத் தேடித்தான் கேட்க வேண்டும். குரலில் ஜானிஸ் இம்மியும் குறைந்தவரல்ல. ‘டிரக்ஸ்டோர் ராக் அண்ட் ரோல்’ அவரே எழுதிய பாட்டு. அந்தத் துள்ளலைச் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது.

ஆனால் எல்விஸின் இசைத்தட்டுகளை வெளியிட்டு வந்த அதே ஆர்சிஏ, ஜானிஸைப் ‘பெண் எல்விஸ்’ என்று சொல்லியே விற்றது. தனக்கென ஒரு பெயர் ஊன்றுமுன்பே இன்னொருவரின் நிழலில் அவரை நிறுத்திவிட்டார்கள். அவரோ ரகசியமாக மணம் முடித்திருந்தார். 1957இல் கருவுற்றார், அடுத்த ஆண்டே ஆர்சிஏ கைவிட்டது. பதின்வயதுக் கன்னியாக விற்கப்பட்டவர் தாயாக மேடையேற அன்றைய சந்தையில் இடமில்லை. இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

வாண்டாவும் எல்விஸின் நிழலருகே நின்றவர்தான். 1955இல் அவருடன் ஊர் ஊராகப் பாடியபோது, இந்தப் புதிய பாணியைப் பாடிப் பார் என்று தூண்டியவர் எல்விஸ். ஆனால் வாண்டாவுக்கு அதற்கு முன்பே கன்ட்ரி இசையில் வேர் இருந்தது. 1954இலேயே பில்லி கிரேயுடன் பாடிய பாட்டு கன்ட்ரி பட்டியலில் ஏறியிருந்தது. கேப்பிடலில் ஒரே இசைத்தட்டின் ஒரு பக்கம் ராக்கபில்லி, மறுபக்கம் கன்ட்ரி என்று பாடினார். அப்பா டாம் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டு கூடவே பயணித்தார். அம்மா நெல்லி மேடை உடைகளைத் தைத்தார். ‘ஃபியூஜியாமா மாமா’ அமெரிக்காவில் எடுபடவில்லை. அணுகுண்டு விழுந்த ஊர்களைப் பெயர் சொல்லிப் பாடும் அதுவே ஜப்பானில் பெருவெற்றி பெற்றது, வியப்புத்தான். ‘லெட்ஸ் ஹாவ் எ பார்ட்டி’ 1960இல் பாப் பட்டியலின் முதல் 40க்குள் வந்தது. ராக்கபில்லி அலை ஓய்ந்ததும், 1961இல் ‘ரைட் ஆர் ராங்’ மூலம் கன்ட்ரிக்கே திரும்பினார். அதே ஆண்டு மணந்த வெண்டெல் குட்மன் தன் வேலையை விட்டு மனைவியின் நிகழ்ச்சிகளைக் கவனித்தார். ஒருத்திக்குத் திருமணம் தொழிலைத் தாங்கியது. மற்றவளுக்கு அதுவே தொழிலைப் பறிக்கும் காரணமாயிற்று.

1995இல் பாடகி ரோசி ஃப்ளோரஸ் ‘ராக்கபில்லி ஃபில்லி’ தொகுப்பில் இருவரையும் பாட வைத்தார். 2009இல் ராக் அண்ட் ரோல் புகழரங்கம் வாண்டாவைச் சேர்த்துக்கொண்டது. ஜானிஸ் 2007இல் ரோசியின் மேற்பார்வையில் ஒரு முழுத் தொகுப்பைப் பாடி முடித்து, அவ்வாண்டே காலமானார். அந்தப் பாட்டுகள் 2012இல்தான் வெளிவந்தன.