மறக்கக் கற்ற கணினி

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் மூத்த ஆசிரியர் ஒருவர் கற்பித்த முதற் பாடம், தகவல் தந்தவரின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதாதே என்பதாகும். கணினி வந்தபோது அந்தப் பாடத்தை நான் மறந்துபோனேன். 2000களின் தொடக்கத்தில் ஒரு நாள், நெற் கபே ஒன்றில் செய்தியைத் தட்டெழுதி அனுப்பிவிட்டு, கோப்பை அழித்துவிட்டதாக எண்ணி எழுந்து சென்றேன். மறுநாள் அதே இருக்கையில் அமர்ந்த நண்பர் அதனைத் தொலைபேசியில் எனக்கு வாசித்துக் காட்டினார். தகவல் தந்தவரின் பெயரும் அதில் இருந்தது. வாசித்தவர் நண்பராக இருந்தது என் அதிர்ஷ்டம்.

அந்த அச்சத்திற்கான மருந்து அப்போதே உருவாகிக்கொண்டிருந்ததைப் பின்னரே அறிந்தேன்.

வன்தட்டைத் தொடாமல், இறுவட்டிலிருந்தே கணினியை இயக்கும் முயற்சி 1992இல் இக்ட்ராசில் லினக்ஸுடன் தொடங்கியது. 2000இல் ஜேர்மனியரான கிளாவுஸ் நொப்பர் வெளியிட்ட நொப்பிக்ஸ் அதனைப் பரவலாக்கியது. சுமார் 2 ஜிகாபைற் மென்பொருளைச் சுருக்கி, 700 மெகாபைற் இறுவட்டு ஒன்றில் அவர் அடக்கினார். அதே ஆண்டில்தான் யூஎஸ்பி பென் டிரைவும் சந்தைக்கு வந்தது. ஆனால் ஆரம்பகால டிரைவில் 8 மெகாபைற் அளவே கொள்ளும். ஒன்று மிகப் பெரிது, மற்றையது மிகச் சிறிது. நொப்பிக்ஸிலிருந்து பிறந்த 'டாம் ஸ்மோல் லினக்ஸ்' 50 மெகாபைற்றுக்குள் தன்னைச் சுருக்கிக்கொண்டது. டிரைவுகளும் ஆண்டுக்காண்டு வளர்ந்தன. இறுதியில் இரண்டும் சந்தித்தன.

2009இல் 'அம்னீசியா' என்ற இயங்குதளம் வெளிவந்தது. பெயரே 'மறதி'தான். மறு ஆண்டு அது 'இன்கொக்னிற்றோ' என்ற இன்னொரு முயற்சியுடன் இணைந்து 'டெயில்ஸ்' ஆயிற்று. டிரைவைச் செருகிக் கணினியை இயக்கினால், அது நினைவகத்திலேயே வாழும்; இணையத் தொடர்புகள் அனைத்தையும் டோர் வலைப்பின்னலூடாக அனுப்பும்; அணைத்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும். வைத்திருக்க வேண்டியதை மாத்திரம், கடவுச்சொல்லால் பூட்டிய ஒரு பகுதியில் சேமிக்கலாம்.

அதன் பெறுமதியை உலகம் உணர்ந்தது எட்வேர்ட் ஸ்னோடன் விவகாரத்தில்தான். 2012 டிசெம்பரில் அவர் பெயர் மறைத்துக் கிளென் கிரீன்வால்டுக்கு எழுதி, மின்னஞ்சலை மறையாக்கம் செய்யுமாறு கேட்டார். தொழில்நுட்பம் சிக்கலானது என்று கிரீன்வால்ட் தள்ளிப்போட்டார். எனவே ஸ்னோடன் 2013 ஜனவரியில் லோரா பொய்ட்ரஸை நாடினார். 2013 யூனில் செய்திகள் வெளிவரத் தொடங்கின. அந்தப் பணியில் டெயில்ஸைச் சார்ந்திருந்ததாக அச்செய்தியாளர்கள் 2014இல் வெளிப்படையாகக் கூறினர். 2024இல் டெயில்ஸ், டோர் திட்டத்துடன் இணைந்தது.

கிரீன்வால்டின் தயக்கத்தை நான் குறைகூற மாட்டேன். எங்கள் தலைமுறை முழுவதும் அப்படித்தான் தயங்கியது. எனினும் ஒன்றைச் சொல்லவேண்டும். டெயில்ஸ் எல்லாவற்றையும் காக்காது. ஒற்றுச் சாதனம் பொருத்தப்பட்ட கணினியில் அது உதவாது. செய்தியாளனே வாய் தவறினால் அதனால் என்ன செய்ய முடியும்?

இன்று என் சாவிக்கொத்தில் சிறிய டிரைவ் ஒன்று தொங்குகிறது. அதனைச் செருகும்போதெல்லாம் அந்த மூத்த ஆசிரியரை நினைத்துக்கொள்கிறேன். கணினிக்கு மறக்கத் தெரிந்துவிட்டது. தகவல் தந்தவரை நினைவில் வைத்துக் காக்கும் பொறுப்பு இன்னமும் எங்களுடையதே.