ஓட்டிக் காட்டத் திருடுதல்: பதின்வயது வண்டித் திருட்டும் சமூக ஊடகமும்

1. பொருளும் எல்லையும்

வண்டித் திருட்டு இரு வகை. விற்பதற்காகத் திருடுவது ஒன்று. ஓட்டிக் காட்டத் திருடுவது இன்னொன்று. முதல் வகையில் வண்டி பிரிக்கப்பட்டு உதிரிபாகமாகிவிடும். இரண்டாம் வகையில் பெட்ரோல் தீர்ந்த இடத்தில் அநாதையாக நிற்கும். இக்கட்டுரை பேசுவது பின்னதை. அமெரிக்கச் சிறுவனுக்குக் கார் என்றால் வடசென்னைச் சிறுவனுக்கு பைக். கொருக்குப்பேட்டையின் பல சந்துகளில் கார் நுழைந்தால் திரும்ப இடமிருக்காது. பைக்குகளோ வாசலுக்கு வெளியே, சைடு லாக் ஒன்றை மட்டும் நம்பி இரவெல்லாம் நிற்கின்றன.

2. கற்றுக்கொடுத்த வீடியோ

சமூக ஊடகம் திருடக் கற்றுக்கொடுக்கிறதா? ஆம் என்பதற்கு அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் சான்று. 2021 முதல் அந்நகரச் சிறுவர்கள் கியா, ஹூண்டாய் கார்களை யூஎஸ்பி கேபிளின் முனையைக் கொண்டே கிளப்பி ஓட்டினார்கள். 'கியா பாய்ஸ்' என்ற பெயரில் டிக்டாக், யூடியூப் வழியே அந்த வித்தை நாடெங்கும் பரவியது. 2023 பிப்ரவரியில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு கணக்குச் சொன்னபோது, குறைந்தது 14 விபத்துகள், 8 மரணங்கள்.

ஆனால் வீடியோவை மட்டும் குற்றம் சொன்னால் பாதிக் கதை விட்டுப்போகும். சாவியை மின்னணு முறையில் அடையாளம் காணும் இம்மொபிலைசர் என்ற கருவி, 2015ஆம் ஆண்டு மாடல்களில் மற்ற நிறுவனங்களின் கார்களில் 96 சதவீதத்துக்கு இயல்பாகவே இருந்தது. இவ்விரு நிறுவனங்களில் 26 சதவீதத்துக்குத்தான். அந்தக் கருவியைச் சட்டம் கட்டாயமாக்கிய கனடாவில் இந்த அலை எழவில்லை. அமெரிக்காவிலோ இவ்விரு நிறுவனங்களும் 83 லட்சம் கார்களுக்கு மென்பொருள் திருத்தம் தர வேண்டியதாயிற்று. கற்றுக்கொடுத்தது வீடியோ; திறந்து வைத்தது தொழிற்சாலை. பூட்டின் குறையைப் பூட்டால் தீர்க்கலாம். நம்மூர் சைடு லாக்குக்கும் இது பொருந்தும்.

3. பார்க்கும் கூட்டம்

பூட்டால் தீராதது வேறொன்று: பார்ப்பவர் கூட்டம். என் கணிப்பில் ஊடகத்தின் உண்மையான வேலை இங்கேதான்.

கெத்து காட்டுவது செல்போனோடு வந்ததல்ல. கொருக்குப்பேட்டை வழியே போகும் கும்மிடிப்பூண்டி ரயில்களில், கல்லூரி மாணவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் 'ரூட்டு தல'களின் ஆட்சி ரீல்ஸுக்கு முந்தியது. மாணவர்கள் பேருந்தில் ஆடிப்பாடிக் கொண்டாடும் பஸ் டேயும் அப்படித்தான். அன்றைய கூட்டம் பிளாட்பாரத்திலும் தெருமுனையிலும் நின்றது. கைதட்டியவனுக்குப் பையனின் அப்பாவைத் தெரியும். புகழ் போன வழியிலேயே புகாரும் வீடு வந்து சேர்ந்தது. 2019 ஜூனில் சென்னையில் பஸ் டே கொண்டாட்டத்தின்போது பேருந்துக் கூரையிலிருந்து மாணவர்கள் கொத்தாகச் சரிந்தார்கள். அந்தக் காட்சியை நாடே செல்போனில் பார்த்துச் சிரித்தது. மேடை அப்போதே தெருவை விட்டுப் போய்விட்டது. 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. சில நாட்களிலேயே ரீல்ஸ் வந்து இடத்தைப் பிடித்தது. கடை மாறியது, சரக்கு மாறவில்லை.

2023 செப்டம்பரில் சென்னை–வேலூர் நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விழுந்த யூடியூபர் டி.டி.எஃப். வாசனை ஊரறியும். ஜாமீன் மனுவை விசாரித்த உயர்நீதிமன்றம் அவரது பைக்கை எரிக்க வேண்டும் என்றே கடிந்துகொண்டது. ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்குப் பறிபோனது. அவர் ஓட்டியது சொந்த வண்டி. அவரது வீடியோக்களைப் பார்க்கும் பையனின் வீட்டிலோ, அப்பா கண்டெய்னர் யார்டில் தினக்கூலி. வண்டி வாங்க வழியில்லை. ஆசையைக் காட்டும் அல்காரிதம் சாவியைத் தருவதில்லை. புள்ளிங்கோ என்று இத்தகைய பையன்களைக் கேலி பேசியவர்கள் தலைமுடியின் நிறத்தைப் பார்த்தார்களே தவிர இந்த இடைவெளியைப் பார்க்கவில்லை.

4. சட்டத்தின் பார்வை

"சும்மா ஒரு ரவுண்டு, திருப்பி வெச்சிருப்பேன் சார்" என்பது பிடிபட்ட பையன்களின் வழக்கமான பதில். சட்டத்தில் அது செல்லாது. 1952இல் ஜோத்பூர் விமானப்படைப் பயிற்சி மாணவர் இருவர் அனுமதியின்றி விமானத்தை எடுத்துப் பறந்து பாகிஸ்தானில் இறங்கினார்கள். அவர்களில் ஒருவரான கே.என். மெஹ்ராவின் வழக்கில், தற்காலிகமாக எடுத்தாலும் திருட்டே என்று 1957இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தண்டனைப் பக்கம் வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவின்படி திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை. ஆகவே 18 வயது நிரம்பாதவர் செய்தால், 2015 சிறார் நீதிச் சட்டம் அதைச் சிறு குற்றமாகவே கொள்கிறது. காசிமேட்டுக்கு மீன் ஏற்றப் போகும் குட்டி யானை போன்ற சரக்கு வண்டியை எடுத்தாலோ பிரிவு 305. தண்டனை 7 ஆண்டு வரை போகலாம், குற்றமும் ஒரு படி ஏறிவிடும். எதுவானாலும் பையனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும்.

5. இரண்டாவது மேடை

பிடிபட்ட பிறகும் காட்சி முடிவதில்லை. மாவுக்கட்டோடு கைகூப்பி, "இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன்" என்று சொல்லும் வீடியோக்கள் இங்கே தனி வகையாகவே வளர்ந்துவிட்டன. பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள், பகிர்கிறார்கள். திருடிய வண்டியில் கிடைத்ததைவிட அதிகமான பார்வைகள் மன்னிப்பில் கிடைக்கக்கூடும். கெத்துக்குக் கூட்டம் தேடியவனுக்கு நாமே கூட்டத்தைச் சேர்த்துத் தருகிறோம். அதைத் தண்டனை என்று வேறு நம்புகிறோம்.

சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, இத்தகைய சிறுவரின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது தொலைக்காட்சிக்கு மட்டுமல்ல, தெரு வாட்ஸ்அப் குழுவுக்கும் பொருந்தும். பிடிபட்ட பையனின் வீடியோ உங்கள் போனுக்கு வந்தால் தயவுசெய்து அனுப்பாதீர்கள், அழித்துவிடுங்கள்.