பூங்காவுல படுக்கக் கூடாது: நியூயார்க், 1896

1896 ஆகஸ்ட். நியூயார்க்ல பத்து நாள் விடாத வெயில். செத்தவங்க சுமார் 1,300 பேர்னு வரலாற்றாசிரியர் எட்வர்ட் கோன் சொல்றார். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

வெளியே பதிவான வெப்பம் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல. அதாவது 32 செல்சியஸ் தாண்டி. "இவ்வளவுதானா, எங்க ஊர் பங்குனி மாசம் மாதிரிதானே"ன்னு தோணும். ஆனா உடம்புக்கு அந்த ஒரு எண் மட்டும் கணக்கில்லை. காற்றில் எவ்வளவு ஈரம், காற்று வீசுதா, சுற்றியுள்ள சுவரும் தரையும் எவ்வளவு அனல் வீசுது, இந்த மூன்றும் சேரணும். ஈரம் அதிகமானா வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது.

இப்போ கீழ்க்கிழக்குப் பகுதிக்கு வாங்க. ஐந்து, ஆறு மாடி செங்கல் குடியிருப்புகள். ஜன்னலே இல்லாத உள்ளறைகள், அதுல ஒரு முழுக் குடும்பம். பகல் முழுக்க வெயிலைக் குடிச்ச செங்கல், ராத்திரி அதை அறைக்குள்ள திருப்பிக் கொடுக்கும். செத்தவங்கள்ல பலர் பகலெல்லாம் உடல் உழைப்பு செஞ்ச கூலித் தொழிலாளிகள். ராத்திரியாவது உடம்பு ஆறணும். ஆறலைன்னா மறுநாள் இதயம் ஏற்கெனவே களைச்சுப்போய்தான் வேலையைத் தொடங்கும். வெப்ப அலையில் மூணாம் நாள், நாலாம் நாள் சாவு கூடுறது இதனாலதான்.

அதனால மக்கள் மொட்டை மாடியிலயும் தீயணைப்புப் படிகள்லயும் படுத்தாங்க. தூக்கத்துல உருண்டு கீழே விழுந்து செத்தவங்களும் உண்டு.

பூங்காவுக்குப் போயிருக்கலாமே? புல்தரை வானத்தைப் பார்த்துக் கிடக்கு, சூரியன் மறைஞ்சதும் சீக்கிரம் குளிர்ந்துடும். காற்றும் தடையில்லாம வரும். ஆனா நகரப் பூங்காக்கள்ல ராத்திரி தூங்கத் தடை! அந்தப் பத்து நாள்ல பெரும்பகுதி தடை நீடிச்சது. இதை எடுத்திருந்தாலே ஆயிரக்கணக்கானவங்களுக்கு ஆறுதல் கிடைச்சிருக்கும்ங்கிறது கோன் கருத்து. எனக்கும் அதுல மறுப்பில்லை. ஒரு பைசா செலவில்லாத மருந்து அது.

நகராட்சி எதுவுமே செய்யலைன்னு சொல்ல முடியாது. கடைசி நாட்கள்ல தெருக்களைத் தண்ணீர் விட்டுக் கழுவினாங்க. போலீஸ் ஆணையர் குழுத் தலைவர் ஏழைகளுக்குக் காவல் நிலையங்கள் வழியா இலவசமா ஐஸ் கொடுத்தார். பேரு தியோடர் ரூஸ்வெல்ட், பின்னாடி ஜனாதிபதியானாரே, அவரேதான்.

நாற்பது வருஷம் கழிச்சு, 1936 ஜூலை, நெப்ராஸ்கா மாநிலத் தலைநகர் லிங்கன். ஒரு ராத்திரி வெப்பம் 91 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. ஊர் ஜனம் குடும்பம் குடும்பமா போய் சட்டமன்றக் கட்டடத்துப் புல்தரையில படுத்துத் தூங்குச்சு.