உயிரணுவா, சீரமா? நோயெதிர்ப்பியல் கடந்து வந்த நூறாண்டு

மனித உடல் நோய்க்கிருமிகளை எதிர்கொள்ளும் முறையை இன்றைய பாடநூல்கள் இரண்டு அடுக்குகளாகப் பகுத்து விளக்குகின்றன. பிறவியிலேயே அமைந்து, எந்தக் கிருமி நுழைந்தாலும் சில மணி நேரத்திற்குள் செயலில் இறங்கிவிடும் இயல்பு நோயெதிர்ப்பு முதல் அடுக்கு. உட்புகுந்த கிருமி இன்னதென்று இனங்கண்டு, அதற்கென்றே உயிரணுக்களையும் புரதங்களையும் பெருக்கி, அந்த அடையாளத்தைப் பல ஆண்டுகள் நினைவில் வைத்திருக்கும் பெறப்பட்ட நோயெதிர்ப்பு இரண்டாம் அடுக்கு. இப்போது எளிதாகத் தோன்றும் இந்தப் பகுப்பு நூறாண்டுக்கு மேற்பட்ட விவாதத்தின் விளைவாகும். அந்த விவாதத்தில் முதலில் கண்டறியப்பட்ட அடுக்கே மிக நீண்ட காலம் புறக்கணிக்கப்பட்டது என்பதும், அதற்குச் சான்றின் வலிமையைக் காட்டிலும் அளவிடும் வசதியே பெருங்காரணமாக இருந்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

கொள்ளைநோயிலிருந்து ஒருமுறை தப்பியவரை அதே நோய் மீண்டும் கொல்வதில்லை என்பது பழங்காலத்திலேயே தெரிந்திருந்தது. கி.மு. 430இல் ஏதென்ஸ் நகரைத் தாக்கிய நோயை விவரித்த வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், பிழைத்தெழுந்தவர்கள் அச்சமின்றி நோயாளிகளைக் கவனித்துக்கொண்டதைப் பதிவு செய்திருக்கிறார். 1796இல் எட்வர்டு ஜென்னர் மாட்டம்மைப் பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்துக் காட்டினார். எனினும் இந்தப் பாதுகாப்பு உடலுக்குள் எவ்வாறு உண்டாகிறது என்ற வினாவுக்கு விடை இல்லை. கோழிக் காலரா கிருமியை வலுவிழக்கச் செய்து தடுப்பூசி ஆக்கிய லூயி பாஸ்டரே 1880ஆம் ஆண்டளவில் கருதியது என்னவெனில், முதல்முறை நுழைந்த கிருமி தனக்கு வேண்டிய சத்தை உடலிலிருந்து தின்று தீர்த்துவிடுவதால் அடுத்து வரும் கிருமிக்கு உணவில்லாமல் போகிறது என்பதே. இவ்விளக்கத்தில் உடலுக்குச் செயல் எதுவும் இல்லை.

உடல் தானே எழுந்து போராடுகிறது என்ற கருத்தை முன்வைத்தவர் மருத்துவர் அல்லர். இல்யா மெச்னிகோவ் என்னும் விலங்கியலாளர். ஒடெசா பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியைத் துறந்துவிட்டு, 1882இன் இறுதியில் சிசிலித் தீவின் மெசினா நகரில் தங்கியிருந்த அவர், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடல் கொண்ட நட்சத்திர மீன் இளவுயிரிகளை ஆராய்ந்துவந்தார். கீழ்நிலை உயிரிகளில் உணவைச் சூழ்ந்து விழுங்கிச் செரிக்கும் அலையும் உயிரணுக்கள் உண்டு என்பதை அறிந்திருந்த அவருக்கு, அதே உயிரணுக்கள் அயற்பொருளையும் எதிர்க்குமோ என்ற எண்ணம் எழுந்தது. ரோஜா முட்களை இளவுயிரியின் தோலுக்குள் செருகி வைத்து மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தபோது, முள்ளைச் சுற்றி அந்த உயிரணுக்கள் திரண்டிருந்தன. இந்தச் சோதனையின் கூர்மை, தேர்ந்தெடுக்கப்பட்ட உயிரியில் இருக்கிறது. அழற்சி, அதாவது காயம்பட்ட இடம் சிவந்து வீங்குவது, இரத்த நாளங்களில் நேரும் கோளாறு என்றே அக்கால நோய்க்குறியியலாளர் கருதினர். இரத்த நாளமே இல்லாத ஓர் உயிரியில் அதற்கு ஒப்பான நிகழ்வு நடந்தது, அழற்சியின் சாரம் உயிரணுக்களின் திரட்சியே என்பதைக் காட்டியது. அவ்வுயிரணுக்களை அவர் விழுங்கணுக்கள் என்று பொருள்படும் கிரேக்கப் பெயரால் அழைத்தார்.

முள் உயிரற்றது. கிருமியிடமும் இது நடக்கும் என்பதற்கான சான்று 1884இல் வெளியான அவரது நீர்த்தெள்ளு ஆய்வில் கிடைத்தது. குளத்து நீரில் வாழும் இச்சிற்றுயிரியைத் தாக்கும் ஒருவகை ஈஸ்டின் வித்துகள் ஊசி வடிவானவை. உணவோடு உள்ளே சென்று குடற்சுவரைத் துளைத்து உடற்குழிக்குள் நீட்டிக்கொள்பவை. நீர்த்தெள்ளின் இரத்த அணுக்கள் ஒவ்வொரு வித்தையும் சூழ்ந்து ஒட்டிக்கொள்வதையும், சூழப்பட்ட வித்து உருக்குலைந்து சிதைவதையும், அணுக்கள் வந்து சேருமுன் ஏதேனும் ஒரு வித்து முளைத்துவிட்டால் ஈஸ்ட் பெருகி உயிரி இறந்துவிடுவதையும், உயிருள்ள விலங்கின் உடலுக்குள்ளேயே மெச்னிகோவ் தொடர்ந்து பார்த்து எழுதினார். நோய் என்பது கிருமிக்கும் உயிரணுவுக்கும் இடையிலான போட்டி என்ற கருத்து இவ்வளவு நேரடியான காட்சியாக அதற்கு முன் எவராலும் நிறுவப்பட்டதில்லை. 1888இல் பாஸ்டர் அவரைப் பாரிசில் தம் பெயரில் அமைந்த புதிய ஆய்வகத்தில் சேர்த்துக்கொண்டார்.

எதிர்ப்பு ஜெர்மனியிலிருந்து வந்தது. வெள்ளையணுக்கள் கிருமியை அழிப்பதில்லை, சுமந்து பரப்பவே செய்கின்றன என்று பலர் வாதிட்டனர். 1888இல் ஜார்ஜ் நட்டால் விழுங்கணுக்களின் துணையின்றி இரத்தமே பாக்டீரியாக்களைக் கொல்வதைக் காட்டினார். 1890 டிசம்பரில் பெர்லினில் எமில் பெரிங்கும் ஜப்பானியரான கிட்டசாட்டோவும் வெளியிட்ட கட்டுரை போட்டியின் போக்கையே மாற்றியது. டெட்டனஸ் நச்சுக்குப் பழக்கப்பட்ட முயலின் சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்தபின் எஞ்சும் தெளிந்த நீரை, எலிகளுக்குச் செலுத்தினால் அவையும் அந்நச்சிலிருந்து தப்பின. நச்சை முறிக்கும் பொருள் சீரத்தில் கரைந்திருக்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று. எதிர்ப்பொருள், பொதுவழக்கில் ஆன்டிபாடி, என்று பின்னர் அறியப்பட்ட புரதம் இதுவே. தொண்டை அடைப்பான் நோயால் குழந்தைகள் மூச்சுத் திணறி மாண்டுகொண்டிருந்த காலத்தில், குதிரைகளிடமிருந்து பெற்ற சீரத்தைக் கொண்டு பாரிஸ் குழந்தைகள் மருத்துவமனையில் இறப்பு விகிதத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்ததாக 1894இல் எமில் ரூ அறிவித்தார். இத்தகைய வெற்றிக்கு முன்னால் நீர்த்தெள்ளின் உடற்குழிக்குள் நடந்த போராட்டம் எடுபடவில்லை. 1901இல் மருத்துவத்திற்கான முதல் நோபல் பரிசு பெரிங்குக்கே அளிக்கப்பட்டது.

இரு தரப்பும் முழுக்கப் பகைத்து நிற்கவும் இல்லை. மெச்னிகோவின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜூல் போர்டேதான், காலரா கிருமியைக் கரைக்கும் சீரத்தில் இரண்டு பொருட்கள் உள்ளன என்று 1895இல் பிரித்துக் காட்டினார். சுமார் 55 பாகை வெப்பத்தைத் தாங்கி நின்று குறிப்பிட்ட கிருமியை மட்டும் பற்றும் பொருள் ஒன்று; அவ்வெப்பத்தில் அழிந்துபோகும், எல்லாச் சீரத்திலும் பொதுவாகவே இருக்கும் பொருள் மற்றொன்று. பின்னது இன்று நிரப்புப் புரதங்கள் எனப்படுகிறது. 1903இல் லண்டனில் ஆல்ம்ராத் ரைட்டும் ஸ்டூவர்ட் டக்ளஸும், சீரம் முதலில் கிருமியின்மேல் படிந்து அதை விழுங்கணுவுக்கு எளிய இரையாக்குகிறது என்று நிறுவினர். சீரமும் விழுங்கணுவும் ஆற்றுவது ஒரே பணியின் இரு கட்டங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 1908ஆம் ஆண்டின் நோபல் பரிசு மெச்னிகோவுக்கும், எதிர்ப்பொருள் கோட்பாட்டை வகுத்த பால் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

பரிசு பகிரப்பட்டதே தவிர ஆய்வு பகிரப்படவில்லை. சீரத்தை நீர்க்க நீர்க்கக் கலந்து, எந்த அளவுவரை நச்சை முறிக்கிறது என்று எண்ணால் குறிக்க எர்லிக் வழிவகுத்திருந்தார். எந்த ஊரின் ஆய்வகமும் அதே எண்ணைத் திரும்பப் பெற முடிந்தது. விழுங்கணுவின் செயலுக்கு அத்தகைய அளவுகோல் இல்லை. ஆகவே அடுத்த நாற்பது ஆண்டுகள் நோயெதிர்ப்பியல் பெரும்பாலும் வேதியியலாகவே நடந்தது. இயற்கையில் இல்லாத செயற்கை மூலக்கூறுகளுக்கும் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்குவதைக் கார்ல் லாண்ட்ஸ்டைனர் காட்டினார். 1940இல் லைனஸ் பாலிங், அயற்பொருளையே அச்சாகக் கொண்டு எதிர்ப்பொருள் மடிந்து உருவாகிறது என்று விளக்க முயன்றார். அவ்விளக்கம் தவறானது. எதிர்ப்பொருளை உண்டாக்கும் உயிரணு எது என்பதே அப்போது உறுதியாகத் தெரியாது. ஆஸ்ட்ரிட் ஃபாக்ரேயஸ் பிளாஸ்மா செல்களைச் சுட்டிக்காட்டியது 1948இல்தான். அதற்குச் சற்று முன், 1945இல், மெரில் சேஸ் செய்த ஒரு சோதனை தனிக் கவனத்திற்குரியது. காசநோய்க் கிருமிச் சாறு தோலில் செலுத்தப்படும்போது ஓரிரு நாள் கழித்துத் தோன்றும் தடிப்பு, சீரத்தின் வழியாக ஒரு கினிப்பன்றியிலிருந்து இன்னொன்றுக்கு மாறவில்லை. உயிருள்ள வெள்ளையணுக்களைச் செலுத்தியபோது மாறியது. சீரத்தால் விளக்க இயலாத நோயெதிர்ப்பு ஒன்று உண்டு என்பது இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது.

உயிரணு மீண்டும் மையத்துக்கு வந்தது 1957இல். ஆஸ்திரேலியரான மக்ஃபர்லேன் பர்னெட், வெள்ளையணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டுகள் ஒவ்வொன்றும் ஒரேயொரு வகை எதிர்ப்பொருளை மட்டும் தாங்கிப் பிறக்கிறது என்றும், அதற்குப் பொருந்தும் கிருமி வரும்போது அந்த அணு மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பெருகுகிறது என்றும் முன்மொழிந்தார். 1959இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கவன்ஸ், லிம்போசைட்டுகள் இரத்தத்துக்கும் நிணநீருக்கும் இடையே ஓயாமல் சுற்றி வருவதைக் காட்டினார். 1961இல் ஜாக் மில்லர், பிறந்தவுடன் தைமஸ் சுரப்பி அகற்றப்பட்ட எலிகள் ஒட்டவைக்கப்பட்ட அயலான் தோலையும் ஏற்றுக்கொள்வதைக் கண்டார். அதுவரை பயனற்றதெனக் கருதப்பட்ட உறுப்பு தைமஸ். தைமஸில் முதிரும் டி அணுக்கள், எதிர்ப்பொருள் உண்டாக்கும் பி அணுக்கள் என்ற பிரிவு அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் உறுதிப்பட்டது. சில மரபணுத் துண்டுகளை மாற்றி மாற்றிக் கோப்பதாலேயே எண்ணற்ற வகை எதிர்ப்பொருட்கள் உருவாகின்றன என்பதை சுசுமு டோனெகாவா 1976இல் மெய்ப்பித்தார்.

இத்தனைக்கும் பிறகு ஓர் அடிப்படை வினா எஞ்சியிருந்தது. தூய புரதத்தைத் தனியே செலுத்தினால் உடல் பெரும்பாலும் அசைவதில்லை; படிகாரத்தையோ இறந்த காசநோய்க் கிருமிகளையோ உடன் சேர்த்தால்தான் எதிர்ப்பொருள் நிறைய உண்டாகிறது. 1926இல் அலெக்சாண்டர் கிளென்னி படிகாரத்தைப் பயன்படுத்திய நாள்முதல் இது எல்லோருக்கும் தெரியும். காரணத்தைத் தேடியவர் மிகச் சிலர். 1989இல் சார்லஸ் ஜேன்வே, லிம்போசைட் எழுவதற்கு முன்பே கிருமிகளுக்கே உரிய பொதுவான மூலக்கூற்று வடிவங்களை இனங்காணும் ஏற்பிகள் இயல்பு நோயெதிர்ப்பு அணுக்களில் இருந்தாக வேண்டும் என்றும், அவை தரும் ஒப்புதலுக்குப் பின்னரே இரண்டாம் அடுக்கு செயல்படும் என்றும் வாதிட்டார். 1996இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஜூல் ஹாஃப்மன் குழுவினர், டோல் என்னும் ஏற்பி பழுதுபட்ட பழ ஈக்கள் பூஞ்சைத் தொற்றால் மடிவதைக் கண்டனர். ஈக்கு எதிர்ப்பொருளும் இல்லை, லிம்போசைட்டும் இல்லை. மறு ஆண்டே மனிதரிடத்திலும் அதற்கு இணையான புரதத்தை ஜேன்வேயும் ருஸ்லான் மெட்ஜிடோவும் விவரித்தனர். 1998இல் புரூஸ் பாய்ட்லர், பாக்டீரியாவின் புறவுறை நச்சை எலிகள் உணர்வது இவ்வகை ஏற்பி ஒன்றின் வழியே என்று நிறுவினார். மெச்னிகோவ் இளவுயிரியில் கண்ட காட்சிக்கு, அதாவது அயற்பொருளை அணு எப்படி அறிகிறது என்பதற்கு, மூலக்கூற்று நிலையில் விடை கிடைக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அக்காலத்தில் பெரும்பகுதி, வினா எழுப்பப்படாமலே கழிந்தது வருந்தத்தக்கது.

சீரத்தின் பக்கம் சாய்ந்த இந்தப் போக்கின் தடம் தடுப்பூசிகளிலும் தெரிகிறது. தொண்டை அடைப்பான், டெட்டனஸ் ஆகியவை நச்சால் கொல்லும் நோய்கள். எதிர்ப்பொருள் போதும் என்பதால் அவற்றை மருத்துவம் விரைவில் கட்டுப்படுத்தியது. காசநோய்க் கிருமியோ தன்னை விழுங்கிய அணுவுக்குள்ளேயே குடியிருந்து வாழ்வது. சீரம் அங்கே எளிதில் எட்டாது, டி அணுக்களின் துணை வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி, 2 லட்சத்துக்கும் மேற்பட்டோரை உட்படுத்திய பெருஞ்சோதனையின் முதல் முடிவுகள் 1979இல் வெளியானபோது, பி.சி.ஜி. தடுப்பூசி பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று தெரியவந்தது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய் வடிவங்களிலிருந்து அது காக்கிறது என்பதால் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடப்படுகிறது. 1921இல் பாரிசில் முதன்முதல் ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்ட அந்தத் தடுப்பூசியே, காசநோய்க்கு எதிராக உலகெங்கும் பரவலாகப் பயன்படும் ஒரே தடுப்பூசியாக இன்றும் இருந்துவருகிறது.